உமி மலைக்குப் பக்கத்தில் ஒரு மணல் பரல்: கிளிநொச்சி நெல் ஆலையொன்றில் மின்சாரத்தை வெப்பமாகச் சேர்த்துப் பார்த்த நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. வன்னியில் காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஒரு நெல் ஆலையில் நின்றேன். கூரையில் உள்ள சூரியத் தகடுகளின் இன்வேட்டர் (தகட்டு மின்சாரத்தை ஆலைக் கரண்டாக மாற்றும் பெட்டி) சத்தம் போடுகிறது, வந்து பார் என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைப் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். களம் முழுக்க நெல் பரப்பிக் கிடந்தது. இரண்டு பேர் பலகையால் இழுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணி தாண்டிக் கொஞ்ச நேரம் இருக்கும். பொயிலருக்குக் காற்று ஊதும் விசிறி, தண்ணீர்ப் பம்பி, கந்தோர் மின்விசிறி எல்லாம் ஒன்றாக நின்றன.

பொயிலர் பார்க்கும் ஐயா கையில் உமிச் சட்டியோடு வெளியே வந்தார். கூரையை ஒருக்கால் பார்த்தார், என்னை ஒருக்கால் பார்த்தார்.

"ஏன் தம்பி, மேல வெயில் நெருப்பா எரியுது. உந்தத் தகடு வெயிலில கரண்ட் தரும் எண்டுதானே போட்டது?"

சரியான கேள்வி. நாட்டின் மின் வலையமைப்போடு இணைந்த இன்வேட்டர், வெளியே கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவரின் கையில் நம் கூரை மின்சாரம் பாயும். அதனால்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை ஐயாவுக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் அவருடைய கேள்வி அதோடு முடியவில்லை. வெளியே வாங்க ஆளில்லாத நேரத்தில் இந்த வெயில் மின்சாரத்தை என்ன செய்வது? இந்த ஆய்வே அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதுதான்.

நண்பகலில் மிஞ்சுவது

அன்று நாடு முழுவதும் கரண்ட் போயிருந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட்டதுதான் தொடக்கம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கு கேலிப்பொருளாகி ஒரு கிழமை ஓடியது. குரங்கு தீக்குச்சி மட்டும்தான். வைக்கோல் ஏற்கெனவே காய்ந்திருந்தது. ஞாயிறு என்றால் தொழிற்சாலைகளும் கந்தோர்களும் பூட்டு, மின் தேவை குறைவு. வெயிலோ உச்சத்தில். கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக்கூட, சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகளின் பங்கு குறைகிறது.

அது ஏன் ஆபத்து? பழைய லிஸ்டர் இஞ்சின் வைத்த ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இஞ்சினின் பக்கத்தில் ஒரு கனத்த இரும்புச் சில்லு சுழலும். ஒரு சாக்கு நெல் திடீரென்று கொட்டப்பட்டாலும் அந்தச் சில்லின் வேகம் இஞ்சினை நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகும். அனல், நீர் மின்நிலையங்களில் சுழலும் இயந்திரங்கள் நாட்டின் மின்வலைக்கு அந்தச் சில்லு. சூரியத் தகட்டுக்குச் சில்லு இல்லை. எங்காவது ஒரு பழுது வந்தால் அதிர்வெண், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண், 50 ஹேட்ஸிலிருந்து சரசரவென்று இறங்கும். அன்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றும் வலையமைப்பிலிருந்து கழன்றன. நிலக்கரி நிலையத்தைத் திரும்ப ஏற்றுவது ஒரு விசையை அமுக்குவது போலில்லை. அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது அதனால்தான்.

அப்புறம் சித்திரைப் புத்தாண்டு வந்தது. விடுமுறையில் நாடே சோம்பிக் கிடக்கும், வெயில் மட்டும் வேலை செய்யும். ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆலை முதலாளிக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. "கடன் எடுத்துத் தகடு போடு எண்டு சொன்னதும் அவை, இப்ப அணை எண்டு சொல்லுறதும் அவை. பாங்க்காரன் அணைப்பானோ தம்பி வட்டியை?" என்று கேட்டார். அது எழுதக்கூடிய பகுதி.

அவர் 2018 இல் சேர்ந்தவர். 2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சூரிய மின் திட்டத்தின் விலை: தன் பாவனைக்கு மேல் வெளியே அனுப்பும் ஒவ்வோர் அலகுக்கும் (ஒரு கிலோவாட் மணி) முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாய், அதன்பின் 15 ரூபாய் 50 சதம். கூரையில் இருப்பது 40 கிலோவாட். நல்ல வெயிலில் நடுப்பகல் நான்கு மணி நேரத்தில் 120 அலகு வரும் என்று வையுங்கள். அணைத்தால் 2,640 ரூபாய் போகிறது. அவருக்கு நட்டம், நாட்டுக்கோ, வந்த வெயில் வீண்.

அந்தப் புத்தாண்டில்தான் நான் அவரிடம் சொன்னேன்: "அண்ணை, வெளியில அனுப்பாம உள்ளயே எரிப்பம். சூடாக்கி வைப்பம்."

சூடாக்கி வைப்பது என்றால்

ஒரு கம்பியில் மின்சாரம் ஓடினால் அது சூடாகும். இஸ்திரிப் பெட்டியில் நடப்பது அதுதான். மின்சாரத்தை வெப்பமாக்குவதில் ஏறக்குறைய எதுவும் வீணாகாது. அந்த வெப்பத்தை மணலிலோ கல்லிலோ செங்கல்லிலோ தண்ணீரிலோ ஏற்றி, வெளியே கசியாமல் பொதிந்து வைத்தால் மணிக்கணக்காக, பெரிதாகக் கட்டினால் நாட்கணக்காக, நிற்கும்.

பின்லாந்தின் கன்கான்பேயில் 2022 இல் இப்படியொன்று வேலைக்கு வந்தது. நெல் குதம் போன்ற ஓர் இரும்புக் கூடு, உள்ளே 100 தொன் மணல், 100 கிலோவாட் ஹீற்றர், 8 மெகாவாட் மணி கொள்ளளவு. இந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். மணல் ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 0.8 கிலோயூல் வேண்டும். 100 தொன்னை 400 பாகை உயர்த்தினால் 32 கிகாயூல், அதாவது 9 மெகாவாட் மணிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு உதைக்கவில்லை. 2025 இல் அதே நாட்டின் போர்னைனென் ஊரில் இதைவிடப் பெரியதைத் திறந்தார்கள்: 1 மெகாவாட், 100 மெகாவாட் மணி, உள்ளே 2,000 தொன் உடைத்த மாக்கல். அடுப்பு செய்யும் தொழிற்சாலையின் கழிவுக் கல் அது.

இரண்டும் ஊருக்கு வெந்நீர் ஓட்டி வீடுகளைச் சூடாக்குகின்றன. வெப்பமாக வைத்தார்கள், வெப்பமாகவே எடுத்தார்கள். இதைத்தான் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். வெப்பத்தைத் திரும்ப மின்சாரமாக்கப் போனால் நீராவி, சுழலி என்று பெரிய கதை தொடங்கும். போட்டதில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் 2019 இல் 1,000 தொன் எரிமலைக் கல்லை 750 பாகைவரை சூடாக்கி, அதிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது, வணிகம் பிடிக்கவில்லை. இரவு விளக்குக்கு மின்சாரம் வேண்டுமென்றால் பற்றரிதான் வழி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே வன்னியில் யாருக்கு வெப்பம் வேண்டும்? சித்திரை மாதம் பகல் ஒரு மணிக்கு முல்லைத்தீவு வீதியில் நின்று இதைக் கேட்டால் கொல்லன் தெருவில் ஊசி விற்கிறான் என்பார்கள். எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு தரமாட்டார்கள். நெல்தான் மிச்சம்.

நெல்லின் கணக்கு

இப்போது வெட்டு எல்லாம் மெசினில். முன்பு அரிவாளால் வெட்டி, உப்பட்டி கட்டி, சூடாக (கதிர்க் குவியலாக) அடுக்கி வைத்து, பிறகு அடித்தார்கள். அந்த நாட்களுக்குள் நெல் தானாகக் காய்ந்தது. மெசின் வெட்டும் நெல் வயலிலிருந்து நேரே சாக்குக்கு வருகிறது, 20 சதவீத ஈரத்தோடு. நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14. இடையிலுள்ள 6 சதவீதத்துக்காகத்தான் தை, மாசியில் வன்னியின் ஒவ்வொரு வீதியோரமும் நெல் பரவிக் கிடக்கிறது. காய்க்க இடமில்லாதவன் ஈரநெல்லை வந்த விலைக்கு லொறிக்காரரிடம் கொடுக்கிறான்.

ஒரு தொன் நெல்லை 20 இலிருந்து 14 க்கு இறக்க எவ்வளவு தண்ணீர் போக வேண்டும்? அதில் உலர்ந்த பகுதி 800 கிலோ. 14 சதவீத ஈரத்தில் மொத்த எடை 930 கிலோ. ஆக 70 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் 47 கிலோவாட் மணி. உலர்த்தியில் காற்றோடு போகிற வெப்பத்தையும் சேர்த்தால் இரட்டிப்பாகும். தொன்னுக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். கூரையின் ஒரு நண்பகல் 120. நாளுக்கு ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் கூட. பரவாயில்லையே என்று எனக்குத் தோன்றியது.

அப்போது ஐயா ஆலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே உமி. பனை உயரத்துக்கு இல்லாவிட்டாலும், ஏறி நின்றால் ஆலைக் கூரை தெரியும் அளவுக்கு. ஒரு தொன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி விழும். உமி ஒரு கிலோ எரிந்தால் 13 மெகாயூல் தரும். 200 கிலோவுக்கு 720 கிலோவாட் மணி. அடுப்பு பாதியை வீணாக்கினாலும் 360. அதாவது ஒரு தொன் நெல்லின் உமி மூன்று தொன்னுக்கு மேல் நெல்லை உலர்த்தும். அது சும்மா கிடக்கிறது. செங்கல் சூளைக்காரர் கொஞ்சம் ஏற்றுவார். கோழிப் பண்ணைக்குக் கொஞ்சம் போகும். மிச்சம் மழையில் நனைந்து உக்கும்.

22 ரூபாய்க்கு விற்கக்கூடிய மின்சாரத்தை எரித்து, சும்மா கிடக்கும் உமியோடு போட்டி போடுவதா? என் திட்டத்தின் முதல் பதிப்பு அந்த உமிக் குவியலின் அடியில் புதைந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பார்க்கவில்லை. களத்தில் நிற்கும்போதுதான் பட்டது. மின்சாரம் மிஞ்சும் நாள் எது? நல்ல வெயில் நாள். நல்ல வெயில் நாளில் நெல் களத்தில் தானே காய்கிறது. சூரியன் தகட்டின் மேலும் விழுகிறான், பக்கத்தில் நெல்லின் மேலும் விழுகிறான். காற்றும் அப்படித்தான். மன்னாரில் 30 காற்றாடிகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி நிலையம் 2020 முதல் இயங்குகிறது; பளையிலும் காற்றாடிகள் சுற்றுகின்றன. அவை பலமாகச் சுற்றுவது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில். அப்போது அறுவடையாகும் சிறுபோக நெல்லுக்கு வெயிலும் காற்றும் போதும் போதும் என்று கிடைக்கும்.

வெப்பம் தேவைப்படுவது மாசிப் பனியில், இரவில். பகலில் காய்ந்த நெல் இரவில் படங்கின் கீழ் வேர்த்து ஈரத்தைத் திரும்ப இழுக்கிறது. இப்படிக் காய்ந்து, நனைந்து, காய்ந்தால் மணி உள்ளே கீறும். அரைக்கும்போது குறுணல் கூடும். நண்பகல் வெப்பத்தை நள்ளிரவுக்குக் கொண்டுபோனால் பயனுண்டு. அதற்குத்தானே சேமிப்பு. அந்த நம்பிக்கையில்தான் ஒரு பரலுக்குள் (பீப்பாய்க்குள்) மணலைச் சூடாக்கிப் பார்க்கும் வேலையைத் தொடங்கினேன்.

பரல்

200 லீற்றர் தார்ப் பரல் ஒன்று. அதற்குள் சிறிய பரல் ஒன்று. உள்ளதில் 100 கிலோ மணல், நடுவில் 2 கிலோவாட் ஹீற்றர் கம்பி. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் பொதிக்க முதலில் கண்ணாடி நார் வாங்க நினைத்தேன். ஐயா பொயிலரின் அடியிலிருந்து உமிச் சாம்பலை ஒரு சட்டி அள்ளிக் காட்டினார். "இதுக்குள்ள தணல் மூடினா விடியுமட்டும் கிடக்கும்" என்றார். உமிச் சாம்பல் உண்மையிலேயே நல்ல வெப்பக் காப்பு. உருக்காலைகளில் உருகிய இரும்பின் மேல் சூடு போகாமல் இதைத்தான் தூவுகிறார்கள். காசும் இல்லை.

மணல்தான் கரைச்சல். வன்னியில் மணல் ஏற்றுவது இப்போது சின்ன விசயமா? அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு உழவு இயந்திரப் பெட்டி மணல் வீதிக்கு வந்தால் பொலிஸ் நிலையத்தில்தான் போய் நிற்கும். ஆறுகளைத் தோண்டிய தோண்டலைப் பார்த்தால் அந்தக் கெடுபிடி நியாயமும்கூட. ஆலையில் மதில் கட்டி மிஞ்சிக் கிடந்த மணலை எடுத்தோம். பெரிதாகச் செய்ய யோசிப்பவர்கள் மணலை விட்டு உடைந்த செங்கல்லைப் பாருங்கள். அது இங்கே தேடாமலே கிடைக்கும்.

முதல் நாள் ஹீற்றரைப் போட்டு இரண்டு மணி நேரமாகியும் வெப்பமானி 100 பாகையைத் தாண்டவில்லை. மூடியின் ஓரத்தால் புட்டுக் குழல் போல ஆவி வந்தது. மணல் ஈரம். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் மணலில்கூட ஈரம் இருக்கும். 5 சதவீதம் என்றால் 100 கிலோவில் 5 கிலோ தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 3.5 கிலோவாட் மணி வேண்டும். 100 கிலோ மணலை 300 பாகை உயர்த்தவே 6.7 தான். முதல் நாள் கரண்ட் மணலுக்குப் போகாமல் ஆவிக்குப் போனது. நான் ஐயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, மூடியைப் பார்த்துவிட்டு, "அவியுது போல" என்றார்.

மூன்றாம் நாள் மணல் காய்ந்துவிட்டது. வெப்பமானி 100 ஐத் தாண்டி ஏறியது. அப்புறம் டப் என்று ஒரு சத்தம். கம்பி எரிந்துபோயிற்று. தோண்டிப் பார்த்தபோது கம்பியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மணல் நிறம் மாறிக் கருகியிருந்தது. ஒரு சாண் தள்ளிக் கை வைக்கக்கூடிய சூடு. மணல் வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். அதிலும் துகளுக்கு இடையில் காற்று. கம்பி கொடுக்கும் வெப்பத்தை மணல் அந்த வேகத்தில் வாங்காது, கம்பி தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். பின்லாந்துக்காரர் கம்பியை மணலில் புதைக்காமல் காற்றைச் சூடாக்கிக் குழாய்வழியே மணலுக்குள் ஓட்டுவது ஏன் என்று அன்றுதான் உறைத்தது. வாசித்திருந்தேன். ஆனால் 2 கிலோவாட்டுக்கு இது எதற்கு என்று அலட்சியமாக விட்டிருந்தேன்.

இரண்டாவது கம்பியை நீளமாக, சுருள் சுருளாக, வலு குறைத்து வைத்தோம். வேலை செய்தது. மாலையில் ஏற்றிய சூடு விடியும்போது கணிசமாக இறங்கியிருந்தது, சாம்பல் இருந்தும். அது சாம்பலின் பிழையில்லை. சின்னப் பாத்திரத்துக்கு உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். சட்டியில் கொஞ்சச் சோறு ஆறிப்போகும், கலியாண வீட்டுக் கிடாரத்துச் சோறு மத்தியானம் தாண்டியும் சுடும். வெப்பச் சேமிப்பு பெரிதாகச் செய்தால்தான் எடுபடும். ஒரு பரலை வைத்து முடிவு சொல்வது நேர்மையில்லை. அதேசமயம் பெரிதாகச் செய்யப் பணம் போட இந்த ஆலையில் காரணமும் இல்லை: உலர்த்தும் காலம் வருடத்தில் சில கிழமைகள், நெல்லை உலர்த்தத் தேவையானது 40, 45 பாகைக் காற்று. அதற்கு மணலை 300 க்கு ஏற்றுவது எலி பிடிக்க மலையைத் தோண்டுவது போல.

தண்ணீர்

ஐயா சொன்ன ஒரு வார்த்தையில் வழி திரும்பியது. அவர் கரண்டைப் பற்றிப் பேசவில்லை, நாற்றத்தைப் பற்றிப் பேசினார். புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சீமெந்துத் தொட்டியில் ஊறவைத்துத்தான் அவிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஊற ஒன்றரை, இரண்டு நாள். அதற்குள் தண்ணீர் புளித்து நாறும். அந்த நாற்றம் அரிசியிலும் ஏறும். "சுடுதண்ணியில ஊறப்போட்டா ஒரு பின்னேரம் காணும். ஆனா அவ்வளவு தண்ணியைச் சுடவைக்கப் பொயிலருக்குப் பக்கத்தில ஒருத்தன் நிண்டுகொண்டேயிருக்க வேணும்."

65, 70 பாகைத் தண்ணீரில் மூன்று, நான்கு மணி நேரத்தில் நெல் ஊறிவிடும். ஆக இங்கே வெப்பத்தின் பெறுமதி உமியோடு ஒப்பிடும் பெறுமதி இல்லை. ஆள் நிற்கத் தேவையில்லாத, தொட்டி இரண்டு நாள் அடைபட்டுக் கிடக்காத, நாறாத அரிசியின் பெறுமதி. உமி மலிவுதான், ஆனால் உமிக்கு ஒரு ஆள் வேண்டும்.

கணக்கு: 2,000 லீற்றர் தண்ணீரை 30 இலிருந்து 85 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 128 கிலோவாட் மணி. ஏன் 85? அதில் ஒன்றரைத் தொன்னளவு நெல்லைக் கொட்டியதும் தண்ணீர் 70 ஐ ஒட்டி இறங்கும். 27 கிலோவாட் ஹீற்றர் ஐந்து மணி நேரத்துக்குள் இதைச் செய்யும். கூரையின் ஒரு நல்ல நண்பகல். மணலில்லை, காற்றுக் குழாயில்லை, ஒரு தொட்டி, ஒரு பம்பி, சுற்றிவர உமிச் சாம்பல். தண்ணீர் ஒரு கிலோ, அதே பாகைக்கு மணலைவிட ஐந்து மடங்கு வெப்பம் பிடிக்கும். 100 பாகைக்குக் கீழே தேவை முடிகிறது என்றால் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம்.

ஹீற்றரை ஒன்றாக வைக்கவில்லை. 3 கிலோவாட் கம்பிகள் ஒன்பது, ஆலைக்கு வரும் மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனைக்கும் மூன்று. ஆலை வாசலில் மின்னோட்டம் அளக்கும் வளையம் ஒன்று. வெளியே மின்சாரம் போகத் தொடங்கினால் ஒரு கம்பி ஏறும், இன்னும் போனால் அடுத்தது. முகில் மறைத்தால் ஒவ்வொன்றாக விழும். பழைய பொன்னி அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில், சுவரில் ஒன்பது சிவப்பு விளக்குகள். முகில் கடந்துபோவதை வெளியே போகாமலே அந்த விளக்குகளில் பார்க்கலாம்.

மின்வலைக்கு இதில் என்ன லாபம் என்றால், இரண்டு. நண்பகலில் தேவையைக் கூட்டுகிறது. அதனால் சில்லுள்ள இயந்திரங்கள் ஒன்றிரண்டை அணைக்காமல் ஓடவிடலாம். இரண்டாவது, ஹீற்றரை எந்த நொடியிலும் கழற்றலாம். அரைக்கும் மெசினை நடுவில் நிறுத்தினால் நெல் சிக்கும், வைத்தியசாலையில் நோயாளியின் பக்கத்தில் நிறுத்தினால் சொல்லத் தேவையில்லை. தண்ணீரைச் சூடாக்குவது பத்து நிமிடம் நின்றால் யாருக்கும் தெரியாது. அதிர்வெண் விழும் அந்தக் கணத்தில் முதலில் கழல்வது இப்படியான சுமையாக இருந்தால், ஊர்களை இருட்டாக்க வேண்டிய அளவு குறையும். அதற்காக ஒரு ஆலையின் 27 கிலோவாட் ஒன்றும் செய்யாது. ஆயிரம் இடத்தில் இருந்தாலும் 27 மெகாவாட். நீராவி எடுக்கும் ஆடைத் தொழிற்சாலைகள், சலவை உள்ள வைத்தியசாலைகள், உமி இல்லாமல் எண்ணெய் எரிக்கும் பொயிலர்கள், அங்கேதான் பெரிய இடம். வன்னிக் கடற்கரையில் ஐஸ் தொழிற்சாலைகளையும் சேருங்கள். குளிரைச் சேர்ப்பதும் இதே வேலைதான், தலைகீழாக. ஒரு தொன் தண்ணீர் பூச்சியப் பாகையில் உறைவதற்கு மட்டும் 93 கிலோவாட் மணி வெப்பம் வெளியே போக வேண்டும். நண்பகலில் உறையவைத்த கட்டி விடிய மீனோடு பெட்டிக்குள் போகலாம்.

கடிகாரம்

இவ்வளவும் செய்தபின் வந்து முட்டிய இடம் விலைப்பட்டியல். கைத்தொழில் பாவனையாளருக்கு மின்சாரத்தின் நாள் மூன்றாகப் பிரிந்திருக்கிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு. நீர், எண்ணெய், நிலக்கரி நிலையங்களே பெரும்பாலும் இருந்த காலத்துக்கு இது பொருத்தம். இரவில் நாடு தூங்கும், நிலக்கரி தூங்காது, யாராவது வாங்கட்டும் என்று மலிவு. பிரித்தானியா 1978 இல் இதே எண்ணத்தில் ஏழு மணி நேர இரவு மலிவுக் கட்டணம் கொண்டுவந்து, வீடு வீடாகச் செங்கல் சூடேற்றிகளை வைத்தது.

இப்போது மிஞ்சுவது நண்பகலில். விலைப்பட்டியலின் கடிகாரத்தில் நண்பகல் சாதாரண பகல்தான். ஞாயிறு 12 மணிக்கு அணை என்று கெஞ்சும் அதே நேரத்தில், கூரைத் தகடு இல்லாத பக்கத்து ஆலைக்காரர் ஹீற்றர் போட்டால் முழுப் பகல் விலை. வெப்பச் சேமிப்பு மணலில் தோற்கிறதா கல்லில் வெல்கிறதா என்ற விவாதத்தைவிட, ஞாயிறு 10 முதல் 2 மணிவரை ஒரு மலிவு விலை வைத்தால் போதும். பிறகு எதில் சேர்ப்பது என்று ஆலைக்காரர், ஐஸ்காரர், தொழிற்சாலைக்காரர் தாங்களே கண்டுபிடிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு மலிவு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கூரை உள்ளவருக்கும் ஒரு திருத்தம் வேண்டும். அணை என்று சொல்வதற்குப் பதில், வெளியே அனுப்பாதே என்று சொல்லலாம். இன்வேட்டரில் அதற்கு வசதி இருக்கிறது. வலையமைப்புப் பக்கத்தில் இரண்டும் ஒன்று: அந்த ஆலையிலிருந்து ஒரு அலகும் வராது. ஆலைப் பக்கத்தில் ஒன்று வெறும் நட்டம், மற்றது ஒரு தொட்டி வெந்நீர். கேட்க வேண்டிய இடத்தில் இதைக் கேட்டோம். "நல்ல யோசனை" என்றார்கள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

ஆலையில் இப்போது

முதலாளியின் ஒப்பந்தத்தில் 7 ஆண்டு முடிந்துவிட்டது. இப்போது அலகுக்கு 15 ரூபாய் 50 சதம். ஒரு தொட்டி வெந்நீர் என்றால் விற்காமல் விட்ட 2,000 ரூபாய். அவர் அதை வேறு விதமாகப் பார்க்கிறார். இரண்டு நாளில் ஒருமுறை நிரப்பிய தொட்டியை அறுவடைக் காலத்தில் நாளுக்கொருமுறை நிரப்புகிறார். மற்ற மாதங்களில் ஹீற்றரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். விற்கக்கூடிய மின்சாரத்தை விற்பதுதான் புத்தி.

கடைசியாகப் போனபோது ஒரு ஞாயிறு. ஒன்பது விளக்கில் ஏழு எரிந்துகொண்டிருந்தன. தொட்டியின் மூடியைத் தூக்கினால் முகத்தில் ஆவி. மணல் பரல் பின்பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு கோழி. ஐயா ஊறிய நெல்லில் ஒரு பிடி எடுத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, அவிக்கலாம் என்றார். பிறகு உமிச் சட்டியை எடுத்துக்கொண்டு பொயிலர் பக்கம் நடந்தார்.

"ஐயா, நெல்லை அவிக்கவும் கரண்டில ஆவி எடுக்கட்டோ?" என்று சும்மா கேட்டேன்.

"எடு. அப்ப உந்த உமியை என்ன செய்யிறது?"